பன்னிரண்டாம் நம்பர்

நாற்பத்தெட்டு ட்யூப்.
எண்ணிப் பார்த்த அன்றுதான் கவனித்தேன்,
பதினொன்று பச்சை.
சம்பள நாள்தோறும் வடசேரியில் வாங்கியவை.
பதினொன்றில் ஒன்றுகூட
வேர்க்கிளம்பி ரப்பர்த் தோட்டத்துக்குள்
மழை விட்டபின் நிற்கிற பச்சை இல்லை.
சில மூடிகள் திருகினால் உடைகின்றன,
திறக்காமலே காய்ந்தவை.

தக்கலை மின்வாரிய அலுவலகத்தில்
எனக்கு யூனிட் கணக்கு.
கூட்டினால் வருவதுதான் விடை.
ஞாயிற்றுக்கிழமை மேசையில் அப்படியில்லை:
எந்த நீலம், வட்டமா தட்டையா,
அணில்மயிரா நைலானா.
கோயில் மணி பதினொன்று அடிக்கும்போதும்
தூரிகை கழுவ வைத்த தண்ணீர்
குடிக்கிற மாதிரித் தெளிந்திருக்கும்.
"கடை போடப் போறியா?" என்றார் கிளாட்வின்,
செய்தித்தாளை இறக்காமல்.

அன்று இரவு மூன்றை எடுத்தேன்.
அல்ட்ராமரின். மஞ்சள் காவி. பர்ன்ட் சியன்னா.
தூரிகை ஒன்று: தட்டை, பன்னிரண்டாம் நம்பர்,
முனையில் நாலு மயிர் எப்போதும் முரண்டு பிடிக்கும்.
வெள்ளையையும் விட்டேன்,
அதற்குத்தான் கை கொஞ்சம் தயங்கியது.
மீதியெல்லாம் பிஸ்கட் டின்னில்,
அலமாரியின் தலையில்,
விருந்தாளிப் போர்வைகளுக்கும் மேல்.

முதல் மூன்று வாரம் சேறு.
ஏலா சேறு, வானம் சேறு.
ஒரு வாழைக்குலை வரைந்தேன்,
நேந்திரனா செத்த பெருச்சாளியா என்று
வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது.
நாலாவது வாரம்
மஞ்சள் காவியில் நீலம் ஒரு சொட்டுக் கூடிப்போனது,
கைப்பிழைதான்.
தாளில் வேர்க்கிளம்பி நின்றது,
ஈரத்தோடு.
தூரிகையை வைத்துவிட்டு
வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றேன்.

இடவப்பாதிக்கு முன் ஒரு நாள் மணவாளக்குறிச்சி.
அங்கே மணல் கறுப்பு,
ஒன்பது மணிக்கே உள்ளங்காலைப் பொரிக்கும்.
கரையேற்றிய வள்ளமொன்றின் நிழலில் அமர்ந்து
அடுத்த வள்ளத்தை வரைந்தேன்.
பாதியில், தோளுக்குப் பின்னே பீடி வாசம்.
வள்ளத்துக்காரர், பெயர் வியாகுலம்.
"எனக்க வள்ளம் செவப்பு.
நீங்க செங்கல்லாட்டு அடிச்சிருக்கியளே."
செவப்பு இல்ல என்கிட்ட.
"பின்ன வாங்கணும்."

அஞ்சு சிவப்பு இருக்கிறது,
பிஸ்கட் டின்னில்.
டின் வீட்டில்.

வள்ளத்தைத் தொடவில்லை.
அதைச் சுற்றிய கடலுக்கு
நீலத்தில் மஞ்சளைக் கலங்கவிட்டு
பச்சை ஏறிய ஒரு சாம்பலை
இழுத்தேன், ஒரே இழுப்பு,
தூரிகையின் முழு அகலத்துக்கு.
பீடி வாசம் கிட்ட வந்தது.
"இப்ப செவப்பாட்டு இருக்கே. எப்ப அடிச்சிய?"
நான் அடிக்கல்ல.
அவர் நம்பவில்லை.
என் பைக்குள் எட்டிப் பார்த்தார்,
சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி அதன் அடியிலும்.

நுரைக்காகத் தாளை அப்படியே விட்டிருந்தேன்.
காற்று கருமணலைக் கொண்டுவந்து
காயாத அதன் ஓரத்தில் ஒட்டியது.
இதைத்தான் அள்ளி, பிரித்து, லாரியில் ஏற்றி,
எங்கோ அமிலத்தில் வேகவைத்து
டைட்டானியம் வெள்ளை ஆக்குகிறார்கள்.
நான் அலமாரியில் ஏற்றிய வெள்ளை
இங்கே என் குதிகாலில்
கறுப்பாக ஒட்டிக் கிடக்கிறது.
ஊதிவிடலாம் என்று குனிந்தேன்.
ஊதவில்லை.
அந்தப் படத்தைத் தொட்டால் இன்றும்
விரலில் நறநறக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும்.
போன வெள்ளிக்கிழமை வடசேரியில்
ஒரு ட்யூப் வாங்கினேன்.
தோவாளைச் சந்தையில்
வாடாமல்லி மூட்டை பிரிந்து சரிந்ததைப்
பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த குற்றம்.
மூன்றில் அது வராது.
ஆறு தாள் முயன்றுவிட்டேன்.
கிளாட்வினுக்குத் தெரியாது.
மூடி இன்னும் திறக்கவில்லை,
கைப்பையில் கிடக்கிறது,
அலுவலகச் சாவிக்கும் ஜெபமாலைக்கும் நடுவே.